ட்வீட்டர் போச்சு

எங்கள் வீட்டு ஸ்பீக்கரில் பாடுகிறவர்களுக்கெல்லாம் பல் விழுந்துவிட்டது. ஆண் பாடினாலும் சரி, பெண் பாடினாலும் சரி, வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பாடுகிற மாதிரியே இருந்தது. புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வராது. சலங்கை வரவேண்டிய இடத்தில், ஆடுகிறவள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு ஆடுகிறாளோ என்று தோன்றும். தபேலா மட்டும் தும் தும்மென்று குறையில்லாமல் விழும். எனக்குத் தபேலா போதாது. பகல் முழுக்க அந்தச் சத்தத்தில்தான் கிடக்கிறேன்.

ஓசூர் சிப்காட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. மேலே இருந்து இரும்பு இறங்கும், தகடு வளையும், எடுத்துப் போட வேண்டும், அடுத்ததை வைக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவி, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு அரை மணி நேரம் பழைய பாட்டுக் கேட்பேன். குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. அந்த அரை மணி நேரம்தான் எனக்கென்று இருப்பது. அதிலும் மண் விழுந்தால் ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மெக்கானிக் திம்மப்பனிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் கடை. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் மட்டும் தமிழ். திறந்தான், ஊதினான், ஒயரை மாற்றினான், மூடினான். வீட்டுக்கு வந்து போட்டால் அதே பஞ்சு வாய். மறுபடி தூக்கிக்கொண்டு போனேன். மறுபடியும் போனேன்.

"அண்ணா, செட்டுல ஏமி இல்ல" என்றான் கடைசியில். "சும்மனே கழட்டிக் கழட்டி ஸ்குரூ மரைதான் போயிடுச்சு."

"சலங்கை வருதா பாருப்பா."

"வருது."

"எங்க வருது?"

"இதோ. ஜல்லு ஜல்லுனு வருதே, கேக்கல?"

கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். வேலை செய்ய உடம்பு வணங்காதவன் அப்படித்தான் பேசுவான். பெட்டியைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று கருப்பசாமியை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பிரஸ் ஷாப்பில் எனக்கு அடுத்த மிஷின் அவன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். எதைக் கேட்டாலும் தெரியும் என்பான். பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"மேல் சத்தமே இல்ல அண்ணாச்சி. ட்வீட்டர் போச்சு."

ட்வீட்டர் என்பது பெட்டியின் மேல்பக்கம் இருக்கும் சின்ன வட்டம். கீச்சென்ற சத்தமெல்லாம் அதில்தான் வர வேண்டும். கீழே இருக்கும் பெரிய வட்டம் இடிக்கிற சத்தத்துக்கு. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. நான் சொன்னதையே இன்னொருவன் சொல்லிவிட்டான்.

"கேட்டியா? கருப்பசாமியே சொல்லிட்டாரு" என்று ராஜாத்தியைப் பார்த்துக் கத்தினேன்.

ராஜாத்தி என் மனைவி. தேன்கனிக்கோட்டை ரோட்டில் இருக்கிற ரோஜாப்பூ கம்பெனியில் பூவைத் தரம் பிரிக்கிற வேலை. அன்றைக்கு அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். இப்போதெல்லாம் அவள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள்.

"என்னா?"

திரும்பவும் சொன்னாள்.

"என்னா சொல்ற, வாயத் தொறந்து சொல்லு!"

"பாட்டு நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்றன்! மூணு தடவ சொல்லிட்டன்! வூட்டுல பேசிப் பேசி எனக்குத் தொண்ட கட்டிக்குது!"

கருப்பசாமி தரையைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, அதாவது அவன் தாழ்த்துகிற அளவுக்குத் தாழ்த்தி, தெருவே கேட்கிற மாதிரி ஒரு ரகசியம் சொன்னான். பாகலூர் ரோட்டில் ஒரு அடுக்குமாடியில் அவனுக்குத் தெரிந்தவன் வாட்ச்மேன். அங்கே ராஜப்பன் என்று ஒரு ரிட்டையர்டு இன்ஜினியர் மகள் வீட்டோடு புனேவுக்குப் போகிறார். அவரிடம் ஒரு ஜோடி வெளிநாட்டு ஸ்பீக்கர். முப்பது வருஷத்துக்கு முந்தையது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டு மனை வாங்குகிற விலையாம்.

"இப்ப வாரதெல்லாம் பிளாஸ்டிக்கு அண்ணாச்சி. அது தேக்கு மாதிரி மரம். ரெண்டு ஆள் தூக்கணும். உங்க சலங்க, கொலுசு, குருவி கத்துதது எல்லாம் பிச்சிக்கிட்டு வரும். நான் சொல்லுதேன், வாங்கிப் போடுங்க."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. வாங்கலாமா, வேண்டாமா?

திம்மப்பனிடம் கேட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "ஐயோ, அந்தக் காலத்து மேக்னட்டா? அது தேவரு அண்ணா" என்றான். சாமி என்கிறான். உடனே கண்ணைத் திறந்து, "ஆனா ரப்பர் வளையம் இத்துப் போயிருக்கும். மாத்த ஆளு இல்ல. உன் ஆம்ப்ளிபையரு அத இழுக்காது. மாட்டு வண்டியில யானைய ஏத்துற கதை" என்றான். வாங்கு என்கிறானா, வாங்காதே என்கிறானா? நாலு முறை கேட்டேன், நாலு முறையும் இரண்டையும் சொன்னான்.

ராஜாத்திக்கு அந்தக் குழப்பமே இல்லை.

"இருக்கறது ஒரு ரூமு. அதுல கட்டிலு, பீரோ, தண்ணி டிரம்மு. இதுல பீரோ ஒசரத்துக்கு ரெண்டு பொட்டி வந்தா நாம எங்க படுக்கறது? வாடகைக்கு ரெண்டு பேர உள்ள வுட்டாக் கூட காலையில எழுந்து வேலைக்குப் போயிடுவாங்க. இதுங்க போகுமா?"

"நல்ல பாட்டு கேக்கணும்னு ஒருத்தனுக்கு ஆசை இருக்கக் கூடாதா?"

"கேளுங்க. யாரு வேணாம்னா? இருக்கறதுல கேளுங்க."

"அதுல ட்வீட்டர் போச்சுடி!"

"உங்க ட்வீட்டர்ல நெருப்பு வைக்க."

இந்த ரீதியில் இரண்டு வாரம் போனது. கடைசியில், வாங்கவே மாட்டேன், பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். நான் தலையாட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள அவளும் கூட வந்தாள். வழி காட்டக் கருப்பசாமியும் வந்தான்.

ராஜப்பன் நல்ல மனிதர். எங்களைச் செருப்பைக் கழற்ற வேண்டாம் என்றார், நாங்கள் கழற்றினோம். காப்பி கொடுத்தார். ஸ்பீக்கர்கள் இரண்டும் கூடத்தில் கல்யாண மாப்பிள்ளை பெண் மாதிரி நின்றன. மரம் பளபளத்தது. ரப்பர் வளையத்தைப் போன வருஷம்தான் பெங்களூரில் மாற்றினாராம். அழுத்திக் காட்டினார்.

"அங்க இல்ல, இங்க உக்காருங்க" என்று எங்கள் மூன்று பேரையும் சோபாவில் நடுவாக நகர்த்தி வைத்தார். போட்டோ எடுக்கப் போகிறாரோ என்று ராஜாத்தி முந்தானையைச் சரிசெய்தாள். விளக்கு வைக்கிற பக்தியோடு ஒரு பாட்டைப் போட்டார். நாட்டியப் பாட்டு.

மிருதங்கம் விழுந்தது. என்ன மிருதங்கம்! நெஞ்சுக்குள் கை வைத்துத் தட்டுகிற மாதிரி. காத்திருந்தேன். பாட ஆரம்பித்தார்கள். பஞ்சு வாய். சலங்கையைத் தேடினேன். இல்லை. புல்லாங்குழல் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப் போனது.

கருப்பசாமியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"சார், தப்பா நெனச்சுக்கிடாதிய" என்றான். "ட்வீட்டர் போச்சு."

ராஜப்பன் முகம் வாடிவிட்டது. "இல்லையே. நேத்து கூட கேட்டேனே." எழுந்து போய்ப் பெட்டியில் காதை வைத்தார். இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். "வருதே."

"எங்க சார் வருது?" என்றேன்.

"ரெண்டு ட்வீட்டரும் போச்சு சார். நாங்க மிஷின்லயே கெடக்கவங்க. எங்களுக்குத் தெரியும்" என்றான் கருப்பசாமி. "பாதி வெலைக்கிக் குடுத்தாச் சொல்லுங்க, தூக்கிக்கிட்டுப் போறோம்."

விலை குறைக்க நாடகம் ஆடுகிறோம் என்று அவர் நினைத்திருப்பார். நான் அவர் இடத்தில் இருந்தால் நினைத்திருப்பேன். ஆனால் நாங்கள் சத்தியமாகத்தான் சொன்னோம்.

அப்போது ராஜாத்தி சோபாவில் இருந்து சொன்னாள். "கொஞ்சம் கம்மி பண்ணுங்க சார். சலங்கை காதுல குத்துது."

மூன்று பேரும் அவளைப் பார்த்தோம்.

ராஜப்பன் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து ஏதோ பித்தளைத் தகடுகளைக் கழற்றினார். "இப்ப கீழ இருக்கறது எதுவும் பாடாது. மேல இருக்கற ட்வீட்டர் மட்டும்தான்" என்று சொல்லிப் பாட்டைத் திரும்பப் போட்டார்.

கூடம் அமைதியாக இருந்தது. எனக்கு அப்படித்தான் இருந்தது. எங்கேயோ ஒரு கொசு இருக்கிறதா இல்லையா என்பது மாதிரி ஒன்று, அவ்வளவுதான். ஆனால் ராஜப்பன் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. நான் ராஜாத்தியைப் பார்த்தேன். அவள் புருவம் ஏறி இறங்கியது. தலை மெல்ல ஆடியது. ஒரு இடத்தில், எனக்குத் தெரியாத எதற்கோ, தானாகச் சிரித்தாள்.

"ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு நம்மள ஏமாத்துதாவ அண்ணாச்சி" என்று கருப்பசாமி என் காதில் சொன்னான்.

என் பெண்டாட்டிக்கு நடிக்க வராது. வந்திருந்தால் இத்தனை வருஷத்தில் ஒருமுறையாவது என்னிடம் மரியாதையாக நடித்திருப்பாள்.

காலி பண்ண இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் ராஜப்பன். என் காதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது ராஜாத்தி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். சத்தமாக.

"கேக்கறதுக்குக் காது வேணும்ல? காதுக்கு வைத்தியம் பாக்காம பொட்டிக்கு வைத்தியம் பாத்துக்கினு திரிஞ்சிருக்கீங்க."

"என் காது நல்லாத்தான் இருக்குது. கம்பெனியிலயே வருஷா வருஷம் டெஸ்ட் பண்றாங்க. நார்மல்னு எழுதிக் குடுக்கறாங்க."

"எப்படி பண்றாங்க?"

சொன்னேன். ஒரு வண்டி வரும். உள்ளே கண்ணாடி வைத்த ஒரு பெட்டி ரூம். அதில் உட்காரவைத்து காதில் மாட்டுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மிஷினில் உட்கார்ந்து பட்டன் அழுத்தும். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். அந்தப் பெண் அழுத்தும்போது அதன் தோள் லேசாக அசையும். அதைப் பார்த்துத் தூக்கினால் தப்பாது. பிரஸ் ஷாப்பில் எல்லாரும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மிஷினைச் சொல்லிக்கொடுக்கிறவன் இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுவான். டெஸ்டில் விழுந்தால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள், ஓவர்டைம் கிடையாது.

ராஜாத்தி நடு ரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான் போலிருக்கிறது, அவள்தான் என்னைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அது கண்ணுக்கு டெஸ்ட்டு" என்றாள். "உங்க கண்ணு நல்லாருக்குதுன்னு வருஷா வருஷம் எழுதி வாங்கிக்கினு வந்திருக்கீங்க. அத நம்பி ஊருல இருக்கற பொட்டியெல்லாம் கெட்டுப் போச்சுன்னு சொல்லிக்கினு இருக்கீங்க."

பிடித்த கையை விடாமல் நடக்க ஆரம்பித்தாள்.

"இந்தத் தடவ கண்ண மூடிக்கினு உக்காருங்க. காது எவ்ளோ மிச்சம் இருக்குதுன்னு தெரிஞ்சிக்கினு வாங்க. அப்பறம் பொட்டிய பத்திப் பேசலாம்."

அந்த வாரமே வண்டி வந்தது. கருப்பசாமியிடம் சொன்னேன், கண்ணை மூடிக்கொள்ளப் போகிறேன் என்று.

"கிறுக்கு புடிச்சிருக்கா அண்ணாச்சி? பேக்கிங்ல போயி அட்டப்பெட்டி மடிக்கவா?"

"எனக்கு என்ன கேக்குதுன்னு எனக்கே தெரியலப்பா. தெரிஞ்சாகணும்."

பெட்டி ரூமுக்குள் போய் உட்கார்ந்தேன். காதில் மாட்டினார்கள். கதவு சாத்தியது. கண்ணை மூடினேன். முதலில் ஒரு கனத்த சத்தம் வந்தது, விரலைத் தூக்கினேன். இன்னொன்று, தூக்கினேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. காத்துக்கொண்டே இருந்தேன். என் மூச்சுத்தான் வந்தது. கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடலாமா என்று இமை துடித்தது. இறுக்கி மூடிக்கொண்டேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு நின்றது.

"அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா. கேட்டுக்கினுதான் இருந்தன்."

அது என் முகத்தைப் பார்த்தது. போன வருஷத்து ரிப்போர்ட்டைப் பார்த்தது. கண்ணாடியைப் பார்த்தது. பிறகு, சத்தியமாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தன் தோளைத் தானே திரும்பிப் பார்த்தது. கெட்டிக்காரப் பெண். நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டது. "நெக்ஸ்ட்" என்றது.

நெக்ஸ்ட் கருப்பசாமி.

அன்றைக்குப் பிரஸ் ஷாப்பில் தேறினவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான். ஒருவன் பாக்கியில்லாமல் என்னைத் திட்டினான். திட்டினதில் பாதி எனக்குக் கேட்கவில்லை என்பது ஒரு சௌகரியம். எல்லாரையும் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டால் தகடு யார் அடிப்பது என்று கம்பெனி யோசித்தது போலிருக்கிறது. என்னையும் இன்னும் சிலரையும் மட்டும் மாற்றிவிட்டு, மற்றவர்களுக்குப் பெரிய காது மூடி கொடுத்தது. கழற்றினால் மெமோ. கருப்பசாமி அதை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினபோதும் அதைக் கழற்றாமலே பேசினான். இரண்டு பேரும் கையால்தான் பேசிக்கொண்டோம், முன்பும் அப்படித்தானே.

கம்பெனி டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கோடு நேராகப் போய், பாதிக்கு மேல் கிணற்றில் விழுந்த மாதிரி விழுந்திருந்தது. விழுந்தது திரும்பி வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், கருவி வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும் என்றார்.

வீட்டுக்கு வந்தேன். கை கால் கழுவினேன். பாட்டுப் போடவில்லை. ராஜாத்தியிடம் சொன்னேன், ராஜப்பன் சாருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடு, எனக்கு அவர் பேசுவது விளங்காது என்று.

"ஏன் வேணாம்?"

"ஏனா? நீதான எடம் இல்ல, பொட்டி வேணாம்னு குதிச்ச? எனக்கு அந்தக் கொசு சத்தம் கேக்கறதுக்கா அவ்ளோ பெரிய பொட்டி?"

"உங்களுக்குக் கேக்காட்டி போங்க. எனக்குக் கேக்குது." அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். "எனக்கு வேணும்."

"என்னா சொல்ற?"

"அந்த மாதிரி நான் ஒரு நாளும் கேட்டதில்ல. பூவுல தண்ணி தெளிச்சா மாதிரி இருந்துச்சு. தண்ணி டிரம்ம வெளிய வெச்சுக்கலாம். கட்டில வித்துருங்க, கீழ படுத்துக்கலாம்."

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வாரம் என் ஆசையை மிதித்தவள் இவள். வாங்கலாம் வாங்கலாம் என்றபோது வேண்டாம், வேண்டாம் என்கிறபோது வேண்டும். இவளோடு ஒரு மனிதன் எப்படித்தான் குடும்பம் நடத்துவது?

மினி லாரியில் வந்து இறங்கின. கருப்பசாமியும் திம்மப்பனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். ராஜப்பன் அவருடைய பழைய ஆம்ப்ளிபையரையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். கட்டில் இருந்த இடத்தில் இப்போது அவை நிற்கின்றன. பீரோ கதவு பாதிதான் திறக்கிறது. அதில் கையை விட்டுச் சட்டை எடுக்க வேண்டும்.

திம்மப்பன் ஒயரைக் கொடுத்து முதல் பாட்டைப் போட்டான். ராஜாத்தி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். அவள் புருவம் ஏறியது. நான் விரலைத் தூக்கினேன். இறங்கி மறுபடி ஏறியது. மறுபடி தூக்கினேன்.

"அண்ணனுக்குக் கேக்குதே!" என்றான் திம்மப்பன் சந்தோஷமாக.

"எங்க கேக்குது? என் மூஞ்சியப் பாத்துத் தூக்கறாரு" என்றாள் ராஜாத்தி. "கண்ண மூடுங்க மொதல்ல."

எரிச்சலாகத்தான் வந்தது. மூடினேன். சலங்கை இல்லை. புல்லாங்குழல் இல்லை. பாடுகிறவருக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. மிருதங்கம் மட்டும் வந்து நெஞ்சைத் தட்டியது, ஒவ்வொரு விரலும் தனித்தனியாக. அது நன்றாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் சத்தம் வை" என்றேன்.

"முடியாது. எனக்குக் காது குத்துது" என்றாள். நல்லவேளையாக, அதை ஒரே தடவையில் சொல்லிவிட்டாள். எனக்கும் ஒரே தடவையில் விளங்கிவிட்டது.